பாட்டும் அழைப்பும் மோதிக்கொள்ளாமல்: மொபைல் ஆப்பில் ஒலியைக் கையாளும் முறை

அழைப்பு முடிந்தபின் பாட்டு திரும்ப வரவில்லை. வந்தது, ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருக்கிறது. ஸ்பீக்கரில் போட்டால் எதிர்முனையில் இருப்பவருக்கு அவர் குரலே திரும்பக் கேட்கிறது. ஒலி உள்ள எந்த ஆப்பிலும் இந்தப் புகார்கள் வரும். உடனே எல்லோரும் பிளேயர் கோடைத் திறந்து பார்ப்பார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இருக்காது. ஃபோனின் ஒலி நிலையை ஆப்புக்குள் நாலைந்து இடங்களிலிருந்து ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருப்பார்கள். பிளேயர் ஒரு பக்கம், அழைப்பு எஞ்சின் ஒரு பக்கம், மணி ஒலிக்கும் கோடு இன்னொரு பக்கம். யார் கடைசியாக இழுத்தாரோ அவர் வைத்ததே சட்டம்.

அதனால் எந்த ஏபிஐயையும் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒலி நிலையை மாற்றும் உரிமையை ஒரே ஒரு கிளாஸுக்குக் கொடுங்கள். அதற்கு நான்கு நிலைகள் போதும்: சும்மா, இசை, மணி, அழைப்பு. மற்ற கோடு எல்லாம் அதனிடம் "இந்த நிலைக்குப் போக வேண்டும்" என்று கேட்கலாம்; தானாக எதையும் மாற்றக் கூடாது. ஃபிளட்டரிலோ ரியாக்ட் நேட்டிவிலோ எழுதுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இசைக்கு ஒரு பிளகின், அழைப்புக்கு ஒரு பிளகின் என்று சேர்த்தால் இரண்டும் உள்ளுக்குள் தனித்தனியாக ஒலி நிலையை மாற்றும். எது எப்போது மாற்றுகிறது என்று அதன் நேட்டிவ் கோடைத் திறந்து படிக்காமல் சேர்க்காதீர்கள்.

ஆண்ட்ராய்டில் இசை

ஆண்ட்ராய்டில் ஒலி என்பது இரவல் பொருள். ஒலிக்கத் தொடங்கும் முன் ஆடியோ ஃபோகஸ், அதாவது ஒலிக்கும் உரிமை, கேட்க வேண்டும், முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 8 முதல் இதற்கு ஆடியோஃபோகஸ்ரிக்வெஸ்ட் என்ற பொருளைக் கட்டி அனுப்புகிறோம். எந்த வகை ஃபோகஸ் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பாட்டு, பாட்காஸ்ட் என்றால் கெயின். சில நொடி ஓடும் குரல் செய்தி என்றால் கெயின் டிரான்சியன்ட். வழிகாட்டிக் குரல் போல, பின்னால் பாட்டு மெலிதாக ஓடினாலும் பரவாயில்லை என்றால் கெயின் டிரான்சியன்ட் மே டக்; டக் என்றால் மற்றவர் ஒலியைத் தணிப்பது. ஐந்து நொடிக் குரல் செய்திக்கு முழு கெயின் கேட்டால், பின்னால் ஓடிய பாட்டு ஆப் தன் வேலை முடிந்தது என்று நிரந்தரமாக நின்றுவிடும். அது அந்த ஆப்பின் தவறு இல்லை, உங்கள் தவறு.

ஃபோகஸ் பறிபோகும்போதும் இதே வேறுபாடு. லாஸ் வந்தால் நிறுத்தி, ஃபோகஸைக் கைவிட்டு, பயனர் மீண்டும் பிளே அழுத்தும்வரை சும்மா இருக்க வேண்டும். லாஸ் டிரான்சியன்ட் வந்தால் இடைநிறுத்தி, கெயின் திரும்பியதும் தொடரலாம். ஆனால் அதற்கு முன் பயனரே இடைநிறுத்தியிருந்தால் தொடரக் கூடாது. "நிறுத்தியது அமைப்பா, பயனரா" என்று ஒரு பூலியன் வைத்துக்கொள்ளுங்கள். இது இல்லாத ஆப்பில், பாட்டை நிறுத்திவிட்டு ஒரு அழைப்பைப் பேசி முடித்ததும் பாட்டு தானாகக் கத்தத் தொடங்கும்.

லாஸ் டிரான்சியன்ட் கேன் டக் வந்தால் ஆண்ட்ராய்டு 8 முதல் ஒலியை அமைப்பே தணித்துவிடும்; உங்கள் கால்பேக் (மாற்றத்தைச் சொல்ல அமைப்பு அழைக்கும் ஃபங்ஷன்) பொதுவாக அழைக்கப்படவே படாது. பேச்சு வகை உள்ளடக்கத்துக்கு இது பொருந்தாது. பாட்காஸ்டைத் தணித்து ஓடவிட்டால் கேட்பவர் இரண்டு வாக்கியம் தவறவிடுவார் அல்லவா. உள்ளடக்க வகையைப் பேச்சு என்று குறித்து, செட்வில்பாஸ்வென்டக்ட் என்பதையும் உண்மையாக்கி, கால்பேக்கில் இடைநிறுத்துங்கள்.

ஃபோன் அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஃபோகஸ் கேட்டால் கிடைக்காது. செட்அக்செப்ட்ஸ்டிலேய்டுஃபோகஸ்கெயின் என்பதை உண்மையாக்கியிருந்தால் "தாமதமாகத் தருகிறேன்" என்ற பதில் வரும். அப்போது ஒலிக்கத் தொடங்காமல் கால்பேக்குக்குக் காத்திருங்கள். ஆண்ட்ராய்டு 15ஐ இலக்காகக் கொண்ட ஆப், திரையில் முன்னால் இருந்தாலோ ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் (அறிவிப்பு காட்டியபடி பின்னால் ஓடும் வேலை) ஓடிக்கொண்டிருந்தாலோ மட்டுமே ஃபோகஸ் பெறும். பேக்ரவுண்டிலிருந்து டைமர் வைத்துக் கேட்டால் தோல்விதான். ஆகவே ஃபோகஸ் கேட்கும் அழைப்பின் விடையைப் பார்க்காமல் பிளே கொடுக்கும் கோடு எங்கிருந்தாலும் இன்றே திருத்துங்கள்.

கூகுளின் மீடியா3 லைப்ரரியில் உள்ள எக்ஸோபிளேயரைப் பயன்படுத்தினால் இதில் பெரும்பகுதியை அதுவே பார்த்துக்கொள்ளும். செட்ஆடியோஆட்ரிபியூட்ஸில் இரண்டாவது மதிப்பை உண்மை என்று கொடுத்தால் ஃபோகஸ் அதன் பொறுப்பு. ஒரு நிபந்தனை: பயன்பாட்டு வகை மீடியா அல்லது கேம் ஆக இருக்க வேண்டும். அழைப்பு வகையைக் கொடுத்து இதை இயக்கினால் எக்செப்ஷன் எறியும். எக்ஸோபிளேயரும் ஃபோகஸ் கேட்டு நீங்களும் தனியாகக் கேட்டால், உங்கள் ஆப்பே உங்கள் ஆப்பிடமிருந்து ஃபோகஸைப் பறிக்கும். பாட்டு தொடங்கிய கணமே நிற்கிறது என்ற மர்மப் புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் விடை.

ஹெட்ஃபோனைப் பிடுங்கியதும் பாட்டு ஸ்பீக்கரில் அலறுவதைத் தடுக்க ஆடியோ பிகமிங் நாய்சி என்ற பிராட்காஸ்ட் இருக்கிறது. ஒலிக்கும்போது மட்டும் ரிசீவரைப் பதிவு செய்து, நின்றதும் நீக்குங்கள். எக்ஸோபிளேயரில் செட்ஹேண்டில்ஆடியோபிகமிங்நாய்சி என்ற ஒரு வரி போதும். திரை அணைந்தபின்னும் ஓட வேண்டும் என்றால் மீடியா பிளேபேக் வகை ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் தேவை. ஆண்ட்ராய்டு 14ஐ இலக்காகக் கொண்டால் அந்த வகையையும் அதற்கான பர்மிஷனையும் மேனிஃபெஸ்ட்டில் எழுதியே ஆக வேண்டும்.

ஒன்று சொல்லிவிட வேண்டும்: அழைப்பு வந்தால் பாட்டை நிறுத்துவதற்காக ஃபோன் நிலையைப் படிக்கும் பர்மிஷன் கேட்கும் ஆப்கள் இன்னும் இருக்கின்றன. தேவையே இல்லை. ஃபோகஸ் கால்பேக் அந்த வேலையைச் செய்யும்.

ஐஓஎஸ்ஸில் இசை

இங்கே எல்லாம் ஏவிஆடியோசெஷன் (ஆப்பின் ஒலித் தேவையை அமைப்புக்குச் சொல்லும் பொருள்) வழியாக நடக்கும். எதுவும் அமைக்காவிட்டால் கேட்டகரி சோலோ ஆம்பியன்ட். சைலன்ட் சுவிட்ச் போட்டால் ஒலி நின்றுவிடும், திரையைப் பூட்டினாலும் நின்றுவிடும். "சில ஃபோனில் மட்டும் சத்தம் வரவில்லை" என்றால் முதலில் சைலன்ட் சுவிட்சைப் பாருங்கள். இசைக்கு பிளேபேக் கேட்டகரி, அதோடு பேக்ரவுண்ட் மோடுகளில் ஆடியோ. பட்டன் தட்டும் ஒலி மட்டும் உள்ள ஆப்புக்கு ஆம்பியன்ட் போதும். அது மற்றவர் பாட்டை நிறுத்தாது.

செஷனை ஆப் திறந்தவுடன் ஆக்டிவேட் செய்யாதீர்கள். பிளே அழுத்தும்போது செய்யுங்கள். முடிந்ததும் டிஆக்டிவேட் செய்யும்போது நோட்டிஃபைஅதர்ஸ்ஆன்டிஆக்டிவேஷன் என்ற ஆப்ஷனைக் கொடுக்க மறந்தால், உங்களுக்கு முன் ஓடிய பாட்டு ஆப்புக்குத் திரும்பலாம் என்ற தகவலே போகாது. பிளேயர் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஆக்டிவேட் செய்தால் 560030580 என்ற எண்ணோடு பிழை வரும். செஷன் வேலையாக இருக்கிறது என்று பொருள். முதலில் பிளேயரையும் எஞ்சினையும் நிறுத்துங்கள், பிறகு செஷன். ஆக்டிவேட் செய்யும்போது வரும் 560557684, பேக்ரவுண்டிலிருந்து மற்றவர் ஒலியைக் குறுக்கிட முயன்றதற்கான பிழை. 561017449 என்றால் உங்களைவிட முன்னுரிமை உள்ள ஒன்று, பெரும்பாலும் ஃபோன் அழைப்பு, நடந்துகொண்டிருக்கிறது. இந்த மூன்று எண்களையும் லாகில் பெயரோடு அச்சிட வைத்தால் பாதி நேரம் மிச்சம்.

குறுக்கீடு அறிவிப்பில் பிகன், எண்டட் என்று இரண்டு உண்டு. எண்டட் வரும்போது ஷுட்ரெஸ்யூம் இருந்தால் மட்டும் தொடருங்கள். பிகன் வந்தால் எண்டட் கட்டாயம் வரும் என்று மட்டும் நம்பாதீர்கள். அப்படி உத்தரவாதம் கிடையாது. ஆப் மீண்டும் முன்னுக்கு வரும்போது பிளேயரின் உண்மை நிலையைப் பார்த்து பட்டனைப் புதுப்பிப்பதுதான் வழி. ரூட் (ஒலி போகும் கருவி) மாற்ற அறிவிப்பில் காரணம் ஓல்டு டிவைஸ் அன்அவெய்லபிள் என்றால் இடைநிறுத்துங்கள். இந்த அறிவிப்பு மெயின் த்ரெட்டில் வராது. மீடியா சர்வீசஸ் ரீசெட் அறிவிப்பு அபூர்வம்தான், ஆனால் வந்தால் பழைய பிளேயர், எஞ்சின் எதுவும் பயன்படாது. எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டும்.

ஆண்ட்ராய்டில் அழைப்பு

அழைப்புக்குள் நுழையும்போது மூன்று பொருத்தங்கள் சரியாக இருக்க வேண்டும். ஆடியோமேனேஜரின் மோடு, மோடு இன் கம்யூனிகேஷன். வெளியே போகும் ஒலியின் பயன்பாட்டு வகை, வாய்ஸ் கம்யூனிகேஷன். மைக்கின் ஆடியோ சோர்ஸ், அதுவும் வாய்ஸ் கம்யூனிகேஷன். இதில் ஒன்று தவறினாலும் எதிரொலி நீக்கி சரியாக வேலை செய்யாது. ஒலியை மீடியா வகையில் அனுப்பிவிட்டு மைக்கை மட்டும் சரியாக வைத்தால், பல ஃபோன்களில் எதிரொலி நீக்கிக்கு "எதை நீக்க வேண்டும்" என்ற மாதிரியே கிடைக்காது. மோடு இன் கால் என்பது சிம் அழைப்புக்கானது; அதைத் தொடாதீர்கள்.

எதிரொலிப் புகாரைப் படிக்கும்போது ஒரு சூட்சுமம்: எதிரொலி யாருக்குக் கேட்கிறதோ அவர் ஃபோனில் கோளாறு இருக்காது. எதிர்முனையின் ஸ்பீக்கர் ஒலி எதிர்முனை மைக்குக்குள் நுழைகிறது. புகார் சொன்னவரின் ஃபோனை நாள் முழுக்கச் சோதித்தாலும் ஒன்றும் கிடைக்காது. அவர் யாரோடு பேசினாரோ அந்த ஃபோனின் மாடலைக் கேளுங்கள்.

ஸ்பீக்கர், இயர்பீஸ், புளூடூத் மாற்றத்துக்கு ஆண்ட்ராய்டு 12 முதல் செட்கம்யூனிகேஷன்டிவைஸ் இருக்கிறது. முதலில் கெட்அவெய்லபிள்கம்யூனிகேஷன்டிவைசஸ் பட்டியலை எடுத்து, அதிலிருந்து வேண்டிய கருவியைக் கொடுங்கள். உண்மை என்று விடை வந்தாலும் மாற்றம் அந்தக் கணமே நடந்துவிட்டது என்று பொருளல்ல. புளூடூத் இணைப்பு எழுந்து வர நேரம் ஆகும். திரையில் உள்ள ஸ்பீக்கர் பட்டனை, கம்யூனிகேஷன் கருவி மாறியது என்ற லிஸனர் வந்தபின்தான் நிறம் மாற்ற வேண்டும். ஆண்ட்ராய்டு 11க்கும் அதற்கு முன்பும் பழைய செட்ஸ்பீக்கர்ஃபோன்ஆன், ஸ்டார்ட்புளூடூத்எஸ்சிஓ இரண்டும்தான் கதி. இரண்டு வழிகளையும் ஒரே ஃபோனில் கலக்காதீர்கள். எது ஜெயிக்கும் என்று கணிக்க முடியாது.

கூடவே சில சில்லறை வேலைகள். ஆக்டிவிட்டியில் வால்யூம் கண்ட்ரோல் ஸ்ட்ரீமை வாய்ஸ் காலாக வையுங்கள், இல்லாவிட்டால் பட்டனை அழுத்தும்போது மீடியா அளவு மாறும். இயர்பீஸில் பேசும்போது கன்னம் பட்டு அழைப்பு துண்டிக்காமலிருக்க பிராக்சிமிட்டி வேக் லாக் எடுங்கள். ஆப் திரையில் தெரியும்போதே மைக்ரோஃபோன் வகை ஃபோர்கிரவுண்ட் சர்வீஸைத் தொடங்குங்கள். பேக்ரவுண்டுக்குப் போனபின் தொடங்க முயன்றால் மைக் கிடைக்காது, எதிர்முனைக்கு மயான அமைதிதான்.

அழைப்பு முடியும்போது தலைகீழ் வரிசையில் கழற்றுங்கள்: மைக்கையும் ஒலியையும் நிறுத்து, கிளியர்கம்யூனிகேஷன்டிவைஸ், மோடு நார்மல், ஃபோகஸைக் கைவிடு. ஆப் செயலிழந்து விழுந்தால் மோடை அமைப்பே மீட்டுவிடும். விழாமல் உயிரோடு இருந்துகொண்டு மோடை நார்மலாக்க மறந்தால்தான் ஆபத்து. ஃபோன் முழுக்க அழைப்பு நிலையிலேயே தங்கிவிடலாம், வேறு ஆப்பில் போடும் பாட்டும் கெடலாம், பயனருக்குக் காரணம் உங்கள் ஆப் என்று தெரியவே தெரியாது. எதிர்முனை எடுக்கவில்லை, நெட்வொர்க் அறுந்தது, மைக் பர்மிஷன் மறுக்கப்பட்டது, இந்த எல்லாப் பாதைகளும் அதே ஒரு ஃபங்ஷன் வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

ஐஓஎஸ்ஸில் அழைப்பு

கேட்டகரி பிளேஅண்ட்ரெக்கார்டு, மோடு வாய்ஸ்சாட். இப்படி வைத்ததும் ஒலி இயர்பீஸுக்குப் போகும். "திடீரென்று சத்தம் குறைந்துவிட்டது" என்பது இதனால்தான். வீடியோ அழைப்புக்கு வீடியோசாட் மோடு, அது தானே ஸ்பீக்கருக்குப் போகும். பயனர் அழுத்தும் ஸ்பீக்கர் பட்டனுக்கு ஓவர்ரைட்அவுட்புட்ஆடியோபோர்ட். இது தற்காலிகமானது. ஹெட்செட் செருகினாலோ கேட்டகரியை மீண்டும் அமைத்தாலோ அழிந்துவிடும். எப்போதும் ஸ்பீக்கர்தான் வேண்டும் என்றால் டிஃபால்ட்டுஸ்பீக்கர் ஆப்ஷன்.

ஐஓஎஸ்ஸின் அழைப்புத் திரையைத் தரும் கால்கிட் சேர்ந்தால் வரிசை மிக முக்கியம். உள்வரும் அழைப்பை இப்படி நடத்துங்கள்:

1. விஓஐபி புஷ் (இணைய அழைப்பு வருகிறது என்ற அறிவிப்பு) வந்ததும் கால்கிட்டுக்கு அழைப்பைத் தெரிவியுங்கள். ஐஓஎஸ் 13 முதல் இது கட்டாயம். தெரிவிக்காத ஆப்பை அமைப்பு கொன்றுவிடும்.
2. பயனர் எடுத்ததும் ஆன்சர் ஆக்ஷன் வரும். அங்கே கேட்டகரியையும் மோடையும் மட்டும் அமைத்து, ஃபுல்ஃபில் செய்யுங்கள். செட்ஆக்டிவ் அழைக்காதீர்கள், ஆடியோ எஞ்சினைத் தொடங்காதீர்கள்.
3. டிட்ஆக்டிவேட் கால்பேக் வரும்வரை காத்திருங்கள். செஷனை உயர் முன்னுரிமையோடு கால்கிட்டே ஆக்டிவேட் செய்து தரும். எஞ்சின் இங்கேதான் தொடங்க வேண்டும்.
4. டிட்டிஆக்டிவேட் வந்ததும் எஞ்சினை நிறுத்துங்கள்.

பூட்டிய திரையிலிருந்து எடுத்தால் ஒலி வரவில்லை, திறந்த ஃபோனில் சரியாக வருகிறது என்றால் 2ஆம் படியில் அவசரப்பட்டிருக்கிறீர்கள். வெப்ஆர்டிசி என்ற அழைப்பு எஞ்சினைப் பயன்படுத்துபவர்கள் ஆர்டிசிஆடியோசெஷனில் யூஸ்மேனுவல்ஆடியோவை உண்மையாக்கி, 3ஆம் படியில் அந்தச் செஷனுக்கு ஆக்டிவேஷன் நடந்ததைச் சொல்லி, இஸ்ஆடியோஎனேபிள்டு கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வெப்ஆர்டிசி தன்பாட்டுக்கு மைக்கைத் திறக்கப் பார்க்கும்.

பேசிக்கொண்டிருக்கும்போது சிம் அழைப்பு வந்து, பயனர் உங்கள் அழைப்பை ஹோல்டில் போடலாம். ஹெல்டு ஆக்ஷனில் எஞ்சினை நிறுத்துங்கள். ஹோல்டிலிருந்து திரும்பும்போதும் மறுபடி டிட்ஆக்டிவேட்டுக்குக் காத்திருங்கள்.

புளூடூத்: பாட்டு ஏன் கெடுகிறது

வழக்கமான புளூடூத் ஹெட்செட்டில் இரண்டு பாதைகள் உண்டு. ஏ2டிபி, ஒருவழி, ஸ்டீரியோ, இசைக்கானது. எஸ்சிஓ என்ற குரல் இணைப்பு வழியாகப் போகும் எச்எஃப்பி, இருவழி, மோனோ, பேச்சுக்கானது. பேச்சுப் பாதையின் மாதிரி வீதம் (சாம்பிள் ரேட்) பழைய கருவிகளில் 8,000 ஹெர்ட்ஸ், எம்எஸ்பிசி கோடெக் உள்ளவற்றில் 16,000 ஹெர்ட்ஸ். ஹெட்செட்டின் மைக்கைத் திறந்த கணம் ஏ2டிபி நின்று எச்எஃப்பி எழும். கிணற்றுக்குள்ளிருந்து வரும் பாட்டு இதுதான். கோடில் எதைத் திருகினாலும் இது மாறாது. மைக்கை மூடினால்தான் இசைப் பாதை திரும்பும்.

ஆகவே அழைப்பு முடிந்தபின்னும் பாட்டு தட்டையாக இருந்தால், மைக்கை எங்கோ திறந்தே வைத்திருக்கிறீர்கள், அல்லது ஐஓஎஸ்ஸில் கேட்டகரி இன்னும் பிளேஅண்ட்ரெக்கார்டில் இருக்கிறது. பிளேபேக்குக்குத் திரும்ப மாற்றுங்கள். ஹெட்செட்டில் பாட்டு கேட்டபடியே குரலைப் பதிவு செய்யும் வசதி வேண்டும் என்றால், ஐஓஎஸ்ஸில் அலோபுளூடூத்ஏ2டிபி ஆப்ஷனை மட்டும் கொடுத்து எச்எஃப்பியை விட்டுவிடலாம். மைக் ஃபோனுடையதாக இருக்கும், இசை கெடாது. ஆண்ட்ராய்டு 12 முதல் ஹெட்செட் விவரங்களை நேரடியாகப் புளூடூத் ஏபிஐ வழியாகப் படிக்க புளூடூத் கனெக்ட் பர்மிஷனை ஓடும்போது கேட்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

மாதிரி வீதம் மாறுவதால் ஐஓஎஸ்ஸில் இன்னொரு விபத்து. 48,000 ஹெர்ட்ஸில் ஓடிய ஏவிஆடியோஎஞ்சினின் கீழே வன்பொருள் 16,000க்கு இறங்கினால், எஞ்சின் தானே நின்று கான்ஃபிகரேஷன்சேஞ்ச் அறிவிப்பை அனுப்பும். பழைய வடிவத்தோடு மீண்டும் டேப் (ஓடும் ஒலியை எடுத்துப் பார்க்கும் இணைப்பு) போட்டால் ஆப் விழும். டேப்பை நீக்கி, இன்புட் நோடின் இப்போதைய வடிவத்தைப் புதிதாகக் கேட்டு, அதைக் கொண்டு டேப் போட்டு, எஞ்சினைத் தொடங்குங்கள். வீதத்தை ஒரு கான்ஸ்டன்ட்டாக எழுதிவைத்த கோடு எல்லாம் ஹெட்செட் மாட்டிய முதல் நாளே மாட்டிக்கொள்ளும்.

ஒலியளவு

பிளேயரின் வால்யூம் 0.0 முதல் 1.0 வரை. இது அலையின் உயரம்; காதுக்குக் கேட்கும் அளவு வேறு. 0.5 என்றால் 6 டெசிபல்தான் குறைவு, பாதியாகக் கேட்காது. 0.1 என்றால் 20 டெசிபல் குறைவு. ஸ்லைடரை நேராக இணைத்தால் கீழ்க் கால்பகுதியில்தான் எல்லா மாற்றமும் நடப்பதுபோல் தோன்றும். ஸ்லைடரை டெசிபலில் வைத்து, 10இன் அடுக்கு டெசிபல் வகுத்தல் 20 என்று மாற்றுங்கள். நீங்களே தணிக்கும் இடங்களில் 0.2 நல்ல அளவு, 14 டெசிபல் குறைவு. எதையும் பட்டென்று வெட்டாமல் 20 முதல் 50 மில்லி விநாடியில் இறக்குங்கள். வெட்டினால் "டிக்" என்று கேட்கும்.

ஐஓஎஸ்ஸில் சிஸ்டம் வால்யூமைக் கோடால் மாற்ற வழி தரப்படவில்லை. எம்பிவால்யூம்வியூவைத் திரையில் வையுங்கள். ஆண்ட்ராய்டில் மாற்றலாம், ஆனால் பயனர் கேட்காமல் மாற்றாதீர்கள். அழைப்பின் ஒலியளவு பெரும்பாலான ஃபோன்களில் 0 வரை இறங்காது.

சோதனை

எமுலேட்டரும் சிமுலேட்டரும் இங்கே உதவாது. உண்மையான ஃபோன், சிம், கம்பி ஹெட்செட் ஒன்று, புளூடூத் ஹெட்செட் ஒன்று வேண்டும். பாட்டு ஓடும்போது சிம் அழைப்பை எடுத்தும் நிராகரித்தும் பாருங்கள். உங்கள் அழைப்பின் நடுவே புளூடூத்தை அணைத்து மீண்டும் போடுங்கள். அழைப்பின் நடுவே அலாரம் அடிக்கட்டும். மணி அடிக்கும்போதே எதிர்முனை துண்டிக்கட்டும். மோடைக் கழற்ற மறக்கும் பிழைகள் அதிகம் பிடிபடுவது இந்தச் சோதனையில்தான்.

ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் ஏடிபி ஷெல்லில் டம்ப்சிஸ் ஆடியோ ஓட்டுங்கள். ஃபோகஸ் அடுக்கில் யார் இருக்கிறார்கள், மோடு யார் கையில் என்று அச்சாகும். அழைப்பு முடிந்தபின் இரண்டிலும் உங்கள் பேக்கேஜ் பெயர் இருக்கக் கூடாது. ஐஓஎஸ்ஸில் ஒவ்வொரு ரூட் மாற்றத்திலும் காரணம், கேட்டகரி, மோடு, உள்ளீட்டு போர்ட், வெளியீட்டு போர்ட், மாதிரி வீதம் ஆறையும் ஒரே வரியில் லாக் செய்யுங்கள். வெளியீட்டு போர்ட் புளூடூத் எச்எஃப்பி, வீதம் 16,000, ஆனால் அப்போது அழைப்பே இல்லை என்று ஒரு வரி கண்ணில் பட்டால், மைக்கைத் திறந்துவைத்த இடத்தை அதற்கு முந்தைய வரிகளில் தேடலாம்.